அஸ்டெரிக்ஸ் பிறந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு

பொபினியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தோம். லண்டனிலிருந்து வந்திருந்த உறவுக்கார அன்ரி ஒருவர் என் மகளைப் பக்கத்தில் இருத்தி, "நீங்கள் எங்க பிள்ளை இருக்கிறீங்கள்?" என்று கேட்டார். "பாரிஸ், அன்ரி." "பாரிஸில எந்தப் பக்கம்?" மகள் கையிலிருந்த கேக் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாரிசுக்குக் கிட்டத்தான்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. பொபினி என்ற பெயர் அவள் வாயில் வரவே இல்லை. பிறந்த நாளிலிருந்து பதின்மூன்று வருடமாக அவள் வளரும் ஊர் அது.

திரும்பி வரும்போது காரில் மெல்லக் கேட்டேன். "அப்பா, தொண்ணூற்று மூன்று என்று சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பினம்" என்றாள். தொண்ணூற்று மூன்று என்பது பாரிசை ஒட்டிய எங்கள் மாவட்டத்தின் எண். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அதை அவளுக்குப் பழக்கியதே நான்தான். ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் "பாரிஸில இருக்கிறம்" என்கிறோம். கலியாணப் பேச்சு வந்தாலும் பாரிஸ்தான். பிள்ளை படிக்காமல் இருந்தால் "படிச்சு இந்த இடத்தை விட்டு வெளிக்கிடப் பார்" என்று ஏசுகிறோம். சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் இருந்து பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

அதனால்தான் இந்த மடல். உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதற்கு முன் ஒரு கதை சொல்ல வேண்டும். நம்முடைய ஊரின் கதை.

பிரெஞ்சுப் படக்கதை வீரன் அஸ்டெரிக்ஸை உங்களுக்குத் தெரியும். படித்திராவிட்டாலும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளின் புத்தகப் பையில் இருந்திருக்கும், பல் வைத்தியரிடம் காத்திருக்கும்போது மேசையில் கிடந்திருக்கும். மஞ்சள் மீசை, இறக்கை வைத்த தலைக்கவசம், இடுப்பில் மாயக் கசாயம் நிரப்பிய குடுவை. பக்கத்தில் முதுகில் பாறாங்கல்லோடு குண்டு ஓபெலிக்ஸ். சீசரின் படை பிரான்ஸ் முழுவதையும் பிடித்துவிட்டது, ஒரேயொரு சின்னக் கிராமம் மட்டும் பணியவில்லை. அந்தக் கிராமத்தின் கதைதான் அது. 35 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, 100க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது.

அந்த அஸ்டெரிக்ஸ் பிறந்தது பொபினியில். ரமோ தெருவில், ஆஷ்எலெம் என்று நாம் சொல்லும் மலிவு வாடகைக் குடியிருப்பு ஒன்றின் பல்கனியில்.

1959 கோடைகாலம். அந்த வீட்டில் ஆல்பர் உதெர்சோ என்ற ஓவியர் தன் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். அவரைத் தேடிப் பாரிஸிலிருந்து நண்பர் ரெனே கொசினி வருவார். கொசினி எழுதுவார், உதெர்சோ வரைவார். இரண்டு பேருக்கும் அப்போது முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இதற்கு மூன்று வருடம் முன்பு, கதை எழுதுபவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று கையெழுத்துச் சேர்த்ததற்காகக் கொசினியை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். உதெர்சோவும் அவருக்காகத் தன் வேலையை விட்டு வெளியே வந்தவர். இருவருக்கும் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் 'பிலோட்' என்ற புதிய சிறுவர் இதழ் ஒன்று தொடங்குவதாக இருந்தது. அமெரிக்கப் படக்கதைகளைப் போல இல்லாமல், பிரான்சின் மண்ணிலிருந்து ஒரு கதை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இவர்கள் ஒரு பழைய நரிக் கதையை எடுத்து வரையவும் தொடங்கிவிட்டார்கள். அதை ஏற்கெனவே வேறொருவர் படக்கதையாக்கிவிட்டார் என்ற செய்தி பிறகுதான் வந்தது. செய்த வேலை வீண். இதழ் வெளிவர இன்னும் இரண்டு மாதம்தான்.

பல்கனியில் இருந்து இருவரும் பஸ்தீஸ் என்ற மதுவைக் குடித்துக்கொண்டு, சிகரெட் புகைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். எதிரே பந்தான் மயானம். "பிரான்ஸ் வரலாற்றை முதலிலிருந்து ஒவ்வொரு காலமாகச் சொல்லிக்கொண்டு வா" என்கிறார் கொசினி. உதெர்சோ கற்காலத்தில் தொடங்குகிறார். அடுத்தது, ரோமர் வருமுன் பிரான்சில் வாழ்ந்த கோல் மக்களின் காலம். அங்கேயே நின்றுவிட்டார்கள். யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் கிராமம் வந்துவிட்டது, கசாயம் காய்ச்சும் பெரியவர் வந்துவிட்டார், யாரும் பாட விடாத பாடகரும் வந்துவிட்டார் என்று பின்னாளில் உதெர்சோ சொல்லியிருக்கிறார்.

நான் இந்தக் காட்சியை அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எங்கள் வீட்டுப் பல்கனியில் காயப்போட்ட உடுப்பும், அரிசிச் சாக்கும், மகளின் பழைய சைக்கிளும் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதே மாதிரி ஒரு பல்கனியில் இரண்டு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பெரிய அலுவலகமோ மாளிகையோ கிடையாது.

ஒரு சின்னப் பிணக்கும் நடந்திருக்கிறது. உதெர்சோவுக்குப் பெரிய உடம்பும் பலமும் உள்ள வீரனை வரைய ஆசை. கொசினியோ, ஆள் சின்னதாக இருக்கட்டும், மூளை இருக்கட்டும் என்றார். கொசினியின் சொல்லே நின்றது. ஆனாலும் உதெர்சோ விடாமல் தன் பெரிய ஆளைப் பக்கத்தில் வரைந்து வைத்துவிட்டார். அப்படித்தான் ஓபெலிக்ஸ் கிடைத்தான். 1959 ஒக்டோபர் 29இல் பிலோட்டின் முதல் இதழ் வந்தது. 1961இல் முதல் புத்தகம், 6,000 பிரதிகள் மட்டும். 1965இல் பிரான்ஸ் விண்ணுக்கு அனுப்பிய முதல் செய்மதிக்கே அஸ்டெரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆறே வருடம்!

இப்போது அந்த இரண்டு பேர் யார் என்று சொல்கிறேன். நான் உங்களுக்கு எழுத நினைத்ததே இதற்காகத்தான்.

உதெர்சோவின் அப்பாவும் அம்மாவும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு மரவேலை. உதெர்சோ 1927இல் பிறந்தார், பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது 1934இல். பிறக்கும்போது ஒவ்வொரு கையிலும் ஆறு விரல். குழந்தையிலேயே அவற்றை அகற்றினார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண். அந்தக் கண்ணோடும் அந்தக் கையோடும்தான் அவர் வரைந்தார். அவருடைய சின்ன வயது எங்கே கழிந்தது தெரியுமா? கிளிஷி சூ புவாவில். 2005 கலவரத்தில் கார்கள் எரிந்து, உலகத் தொலைக்காட்சி எல்லாம் காட்டியதே, அந்த ஊர்தான். அதுவும் நம் தொண்ணூற்று மூன்றுதான்.

கொசினியின் அப்பா போலந்து யூதர், அம்மா உக்ரேனிலிருந்து வந்த யூதக் குடும்பத்தவர். 1926இல் பாரிஸில் பிறந்து இரண்டு வயதில் ஆர்ஜென்டினாவுக்குப் போனார். அங்கே பதினேழு வயதில் அப்பாவை இழந்தார். ஒரு டயர் தொழிற்சாலையில் கணக்கு எழுதினார். பிறகு அம்மாவோடு நியூயார்க் போய் அங்கே வேலையில்லாமல் அலைந்து, 1951இல்தான் பிரான்சில் வந்து நிலையாகத் தங்கினார். மூன்று கண்டம் சுற்றி வந்தவர். நம்மில் எத்தனை பேர் அப்படி மூன்று நாடு தாண்டி இங்கே வந்து இறங்கினோம்?

கொசினி உங்களுக்குப் புதியவரும் அல்ல. சின்ன வயதில், ஊரில், சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்திருக்கிறீர்களா? லக்கி லுக்கை நினைவிருக்கிறதா? தன் நிழலைவிட வேகமாகச் சுடுவானே, அவன்தான். மோரிஸ் வரைய, 1955இலிருந்து சாகும்வரை அவனுக்குக் கதை எழுதியவர் கொசினி. மதியில்லா மந்திரியையும் எழுதியது அவரே. கலீபாவைத் தட்டி விழுத்தித் தானே கலீபாவாக வேண்டும் என்று துடிக்கும் அந்த மந்திரியைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த பிள்ளைகளில் நானும் ஒருவன். பிரான்ஸ் என்றால் எந்தத் திசை என்றே தெரியாத வயதில், அதே மனிதரின் பகிடிக்கு நான் சிரித்திருக்கிறேன் என்பது இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கு இந்த ஊர் கொஞ்சம் சொந்தமாகிப் போனது.

சரி, இதைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். "நம் மூதாதையர் கோல்கள்" என்று பிரெஞ்சுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 2016இல் முன்னாள் ஜனாதிபதி சார்க்கோசி, நீ பிரெஞ்சுக்காரனாக ஆன நொடியிலிருந்து உன் மூதாதையர் கோல்கள்தான் என்று மேடையில் பேசினார். நம் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்தார்கள். ஆனால் கோல் என்று சொன்னதும் இன்று உலகம் முழுக்க யாருடைய முகம் நினைவுக்கு வருகிறது? அஸ்டெரிக்ஸின் முகம்தான். அந்த முகத்தை வரைந்தவர் இத்தாலியத் தச்சரின் மகன், அதற்கு வாய் கொடுத்தவர் யூத அகதிக் குடும்பத்துப் பிள்ளை. இடம், பொபினி ஆஷ்எலெம். உன் ஆட்கள் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பள்ளியில் யாராவது நம் பிள்ளையிடம் கேட்டால், இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளை தலைகுனியாது.

நான் பிரெஞ்சு படித்ததும் அஸ்டெரிக்ஸில்தான். வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தெருச்சந்தையில் பத்து பிராங்குக்கு அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று வாங்கினேன். படத்தைப் பார்த்துப் பாதி புரியும், அகராதியைப் பார்த்து மீதி. பெயர்கள் மட்டும் பிடிபடவில்லை. கிராமத்துப் பாடகனின் பெயர் அசுரான்ஸ்தூரிக்ஸ். பாடத் தொடங்கினால் ஊரே அடித்து, வாயைக் கட்டி மரத்தில் ஏற்றிவிடும். பல வருடம் கழித்து முதல் கார் வாங்கி, காப்புறுதி எடுக்கப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் "அசுரான்ஸ் தூ ரிஸ்க்" வேண்டுமா என்று கேட்டார், எல்லா ஆபத்துக்குமான முழுக் காப்புறுதி. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மீன் விற்பவர் ஓர்தரல்பபெத்திக்ஸ், அதாவது 'அகர வரிசை'. நாய்க்குட்டி இதெபிக்ஸ், 'பிடித்த பிடி'. ஒரு மொழியின் பகிடி புரிகிற நாளில்தான் அந்த மொழி நமக்குள் இறங்குகிறது. அந்த நாளை எனக்குத் தந்தது இந்தப் புத்தகம்.

கதைக்குள் பொபினி வராது. கிராமம் இருப்பது பிரெத்தாஞ் கடற்கரையில். போர்க்காலத்தில் உதெர்சோ அங்கே கொஞ்ச நாள் இருந்ததால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனாலும் எனக்கு அந்தக் கிராமத்தைப் பார்த்தால் எங்கள் மாடிப்படிதான் தெரிகிறது. மீன் நாற்றத்துக்கு ஒரு சண்டை, சத்தத்துக்கு ஒரு சண்டை, யார் பெரிய ஆள் என்று ஒரு சண்டை. வெளியிலிருந்து ஆபத்து வந்தால் எல்லாரும் ஒன்று. இரவு வந்தால் ஒரே மேசையில் சாப்பாடு. 1971இல் வந்த ஒரு கதையில், சீசர் அந்தக் கிராமத்தை விழுங்கக் காட்டை வெட்டி மாடிக் குடியிருப்பு கட்டுகிறான். பிரான்ஸ் முழுக்கக் குடியிருப்புகள் எழும்பிய காலம் அது. பொபினியிலும் புதிய மாவட்டத்துக்காக உயர்ந்த கட்டடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் இன்று வாழ்வது அப்படி எழுந்த கட்டடங்களில்தான். 1974இல் வந்த கதையில், தனக்கு வெளியாட்கள்மேல் ஒன்றுமில்லை, இந்த வெளியாட்கள் நம் ஊர்க்காரர் இல்லை என்பதுதான் பிரச்சினை என்கிற மாதிரிக் கிராமத்துக் கிழவர் ஒருவர் சொல்லுவார். அதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "இதை பஸ்ஸில நானே கேட்டிருக்கிறன் அப்பா" என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அறிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவிசென் வைத்தியசாலை உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், நமக்கு முதுகுவலி என்றால் ட்ராமில் ஏறிப் போகிற இடம். அந்த வளாகத்தில் 2000களின் தொடக்கத்தில் தோண்டிய தொல்லியலாளர்கள் கோல் மக்களின் மயானம் ஒன்றைக் கண்டார்கள். 500க்கும் மேற்பட்ட கல்லறைகள், கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டு அளவில் தொடங்குபவை. கோல் காலத்து மயானங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பல்கனியில் இருந்து கோல் கதை ஒன்றைக் கற்பனை செய்த அந்த இருவருக்கும், அதே ஊரின் மண்ணுக்கடியில் உண்மையான கோல் மக்கள் நூற்றுக்கணக்கில் படுத்திருப்பது தெரியாது. இன்னும் நாற்பது வருடம் கழித்துத்தான் அது யாருக்குமே தெரிய வந்தது.

அதே ஊரின் பழைய ரயில் நிலையத்தையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். 1943 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை, பக்கத்து ஊரான திரான்சியின் முகாமில் அடைத்து வைத்திருந்த யூதர்களை, 22,000 பேருக்கும் மேல், அங்கிருந்துதான், பெரும்பாலும் நாஜிகளின் கொலை முகாமான அவுஷ்விட்சுக்கு, ரயிலேற்றினார்கள். இன்று அது நினைவிடம். கொசினியின் தாய்மாமன்மாரும் நாஜிகளின் முகாம்களில் மாண்டார்கள். அவர்களுக்கும் இந்த நிலையத்துக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் மாமன்மாரை அப்படி இழந்த ஒருவர், அந்த நிலையம் இருக்கும் ஊருக்கு வந்து உட்கார்ந்து, யாரும் சாகாத ஒரு போரை எழுதினார். அஸ்டெரிக்ஸ் கதைகளில் ரோமானியர் அடி வாங்குவார்கள், பல் பறக்கும், கண் வீங்கும், அவ்வளவுதான். மாமன்மாரை இழந்தவர்கள் நம்மிலும் இருக்கிறோம். இதை நம் பிள்ளைகளுக்கு நாம் விளங்கப்படுத்தத் தேவையே இல்லை, சொன்னாலே போதும்.

கொசினி 1977இல், 51 வயதில், இதயப் பரிசோதனை ஒன்றின் நடுவிலேயே இறந்துபோனார். உதெர்சோ 2020 மார்ச்சில், 92 வயதில். பாரிஸ் 16ஆம் வட்டாரத்தில் கொசினிக்குச் சிலை இருக்கிறது, 13ஆம் வட்டாரத்தில் தெரு இருக்கிறது. பாரிசுக்கு வடக்கே பிளாயியில் 1989இலிருந்து பார்க் அஸ்டெரிக்ஸ் என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு நாமும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசையில் நிற்கும்போது ஒரு முறையாவது பிள்ளையின் காதில் "இவன் எங்கட ஊர் ஆள்" என்று சொல்லியிருக்கிறோமா? நான் சொல்லவில்லை. மூன்று தரம் போனேன், மூன்று தரமும் சொல்லவில்லை.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். இனிமேல் யாராவது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது "பொபினி" என்று வாய் நிறையச் சொல்லுங்கள். திரான்சியில் இருந்தால் திரான்சி, லாக்கூர்நெவ்வில் இருந்தால் லாக்கூர்நெவ். படித்து முன்னேறச் சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் "இந்த இடத்தை விட்டு ஓடு" என்று சொல்லி முன்னேறச் சொல்லாதீர்கள். ஊரை விட்டு ஒருமுறை ஓடி வந்தவர்கள் நாம், அது நமக்குப் போதும்.

தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை ஒரு பாடமாக எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒளவையாரும் இருக்கட்டும், பண்டாரவன்னியனும் இருக்கட்டும். அவர்கள் காலையில் இறங்கி நடக்கிற தெருவின் கதையையும் அவர்கள் தமிழில் எழுதப் பழகட்டும். அஸ்டெரிக்ஸுக்கும் ஓபெலிக்ஸுக்கும் அவர்களே தமிழ்ப் பெயர் வைத்துப் பார்க்கட்டும். என் மகள் அந்தப் பாடகனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள், முழுக்காப்பன். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பிள்ளைகளே சண்டை பிடிக்கட்டும்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை, வகுப்பு முடிந்த பிறகு, பின்னேரம் மூன்று மணிக்கு, பப்லோ பிக்காசோ மெத்ரோ வாசலில் நிற்பேன். ரமோ தெருவுக்குப் போவோம். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், அதனால் வீட்டுப் பக்கம் போய்த் தொந்தரவு செய்யாமல் தெருவில் நின்று பல்கனிகளைப் பார்ப்போம். பிறகு ட்ராமில் ஏறி அவிசென். பெரிய பிள்ளைகள் இருந்தால் பழைய ரயில் நிலையத்துக்கும் போகலாம். என் மனைவி மீன் ரோல்ஸ் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என்னை அடையாளம் தெரியாதவர்கள், கையில் அட்டை கிழிந்த அஸ்டெரிக்ஸ் புத்தகம் வைத்திருக்கும் ஆளைப் பாருங்கள். பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று நிற்கும். எந்த ஊர் என்று அவளிடம் கேளுங்கள்.

அன்புடன்,
பொபினியிலிருந்து ஒரு அப்பா